கசாண்ட்ராவில் பிரதிகள் ஒத்துப்போக: குவோரம், கடிகாரம், ரிப்பேர்

கசாண்ட்ரா என்பது டேட்டாவைப் பல சர்வர்களில் பிரதியெடுத்து வைக்கும் டேட்டாபேஸ். அதன் கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் தொகுப்பில்) ஒரே வரிசை (ரோ) ஒரு நோடில், அதாவது ஒரு சர்வரில், ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் அது பழுதல்ல. ஒரு நோடு விழுந்தாலும் எழுதும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, பிரதிகள் சிறிது நேரம் முன்பின் இருக்க கசாண்ட்ரா இடம் கொடுக்கிறது. அந்தச் சிறிது நேரம் நிரந்தரமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

முதலில் கணக்கு. ரெப்ளிகேஷன் ஃபேக்டரை, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை பிரதி என்பதை, 3 என்று வைத்து, ரீட், ரைட் இரண்டையும் குவோரத்தில் (பாதிக்கு மேற்பட்ட பிரதிகள் பதிலளிக்க வேண்டும் என்ற நிலையில்) நடத்துங்கள். 3-க்குக் குவோரம் 2, 5-க்கு 3. எழுதியது 2 நோடில், படிப்பது 2 நோடில், இருப்பதோ 3. எப்படிப் பிரித்தாலும் ஒரு நோடு இரண்டு பக்கமும் வந்தே தீரும், புதிய மதிப்பை அது கொடுத்துவிடும். வட்டுச் செலவை மிச்சம் பிடிக்க 2 என்று வைத்தால் குவோரமும் 2 ஆகிவிடும். ஒரு நோடு போனாலே அதில் பிரதி உள்ள டேட்டாவுக்கு ரீடும் ரைட்டும் நின்றுவிடும். பல டேட்டா சென்டர் இருந்தால் லோக்கல் குவோரம் (ஒரே சென்டருக்குள் மட்டும் எண்ணும் குவோரம்) போதும், ஆனால் எழுதிய சென்டரிலேயே படித்தால்தான் இந்த உறுதி. இன்னொன்று, கசாண்ட்ராவின் கட்டளை ஷெல்லான சிக்யூஎல்ஷெல்லின் டிஃபால்ட் நிலை 'ஒன்', அதாவது ஒரு பிரதி பதிலளித்தாலே போதும். அப்ளிகேஷனில் தெரியும் வரிசை ஷெல்லில் தெரியவில்லையென்றால், பதறுவதற்கு முன் அங்கே குவோரம் போட்டுப் பாருங்கள்.

இரண்டு மதிப்புகள் மோதினால் எந்த டைம்ஸ்டாம்ப் (எழுதிய நேர முத்திரை) பெரியதோ அது ஜெயிக்கும். அப்ளிகேஷனைக் கசாண்ட்ராவோடு இணைக்கும் ஜாவா டிரைவர் போன்றவை டைம்ஸ்டாம்பை கிளையன்ட் பக்கத்திலேயே போடுகின்றன. எனவே நோடுகளில் மட்டுமல்ல, அப்ளிகேஷன் ஓடும் மெஷின்களிலும் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் குரோனி ஓட வேண்டும். 5 விநாடி முந்தி ஓடும் மெஷின் ஒரு வரிசையை அழித்தது என்றால், அடுத்த 5 விநாடிக்குள் சரியான கடிகாரமுள்ள மெஷின் அதே வரிசையில் எழுதுவது சத்தமில்லாமல் காணாமல் போகும். எழுதியவருக்கு 'வெற்றி' என்றே பதில் வந்திருக்கும்; லாகில் ஒரு வரிகூட இருக்காது.

ரைட் டைம்அவுட் வந்தால் எழுதவில்லை என்று அர்த்தமில்லை. ஏதோ ஒரு நோடில் எழுதியிருக்கலாம், ரோல்பேக் கிடையாது. சாதாரண அப்டேட்டைத் திரும்ப அனுப்பலாம். கவுன்ட்டர், லிஸ்ட்டில் சேர்த்தல் இரண்டையும் கண்மூடித்தனமாகத் திரும்ப அனுப்பினால் இருமுறை ஏறிவிடும்.

இனி பலர் கோட்டைவிடும் இடம். விழுந்த நோடுக்கான ரைட்களை மற்ற நோடுகள் ஹின்ட்டாகச் சேர்த்துவைத்து, எழுந்ததும் கொடுக்கும். டிஃபால்ட்டாக 3 மணி நேரம் வரைதான். அதற்குப் பிறகு வந்தவை சேராது. அந்த இடைவெளியை முழுமையாக அடைப்பது ரிப்பேர், அதாவது பிரதிகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைச் சரிசெய்யும் வேலை, மட்டுமே.

அழிப்பில் இது விபரீதமாகும். ரெப்ளிகேஷன் 3, மூன்றாவது நோடு கீழே. வரிசையை அழிக்கிறீர்கள், முதல் இரண்டு நோடிலும் டூம்ஸ்டோன் (அழித்ததற்கான குறி) விழுகிறது. டூம்ஸ்டோனை வைத்திருக்கும் காலமான ஜிசி கிரேஸ், டிஃபால்ட்டாக 8,64,000 விநாடி, அதாவது 10 நாள், கடந்தபின் காம்பேக்ஷன் (டேட்டா கோப்புகளை இணைத்துச் சுருக்கும் வேலை) அந்த டூம்ஸ்டோனையும் துடைத்துவிடும். பிறகு மூன்றாவது நோடு பழைய வரிசையோடு எழுகிறது. மற்ற இரண்டிலும் அழித்த தடயமே இல்லாததால், அவற்றுக்குத்தான் வரிசை விடுபட்டுவிட்டது என்று ரீட் ரிப்பேர் (படிக்கும்போதே பிரதிகளைச் சரிசெய்வது) முடிவுகட்டி, அதை இரண்டுக்கும் திரும்ப எழுதிவிடும். அழித்த டேட்டா உயிர்த்தெழுந்துவிட்டது.

ஆகவே நோட்டூல் என்ற நிர்வாகக் கருவியின் ரிப்பேர் கட்டளையை முழு ரிப்பேர், பிரைமரி ரேஞ்ச் (ஒரு நோடு முதன்மையாகப் பொறுப்பேற்கும் டேட்டா பகுதி மட்டும்) என்ற இரண்டு ஆப்ஷனோடும் வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். பிரைமரி ரேஞ்ச் போட்டால் எல்லா நோடிலும், எல்லா டேட்டா சென்டரிலும், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டியே ஆக வேண்டும். ஒரு நோடோடு நிறுத்தினால் மற்ற ரேஞ்ச்கள் அப்படியே கிடக்கும். முழுச் சுற்றும் 10 நாளுக்குள் முடியாத அளவு கிளஸ்டர் பெரிதென்றால், ஜிசி கிரேஸைக் கூட்டுங்கள், அல்லது ரீப்பர் கருவியைக் கொண்டு துண்டு துண்டாக ஓட்டுங்கள். டூம்ஸ்டோன் குவிந்து ரீட் மந்தமாகிறது என்று ஜிசி கிரேஸைக் குறைப்பவர்கள், ரிப்பேர் அட்டவணையையும் அதே அளவுக்கு இறுக்காவிட்டால் ஆபத்து.

ஜிசி கிரேஸைத் தாண்டிக் கீழே கிடந்த நோடை அப்படியே எழுப்பாதீர்கள். அதன் டேட்டா டைரக்டரியைக் காலிசெய்து, பழைய முகவரிக்கு மாற்று நோடாக பூட் செய்யுங்கள். நல்ல பிரதிகளிலிருந்து அது புதிதாக நிரம்பிக்கொள்ளும்.

ரெப்ளிகேஷன் ஃபேக்டரை 1-லிருந்து 3-க்கு உயர்த்தும்போதும் ரிப்பேர் தேவை. கீஸ்பேஸை (டேபிள்களின் தொகுப்பை) ஆல்டர் செய்வது ஸ்கீமாவை மட்டுமே மாற்றும், டேட்டா நகராது. இரண்டு புதிய பிரதிகளும் காலியாக இருக்கும்போது குவோரம் ரீட் அவை இரண்டையுமே கேட்டுவிட்டு, வரிசையே இல்லை என்று சொல்லக்கூடும். எல்லா நோடிலும் முழு ரிப்பேர் முடியும்வரை ரீடை 'ஆல்' நிலையில் (எல்லாப் பிரதிகளும் பதிலளிக்க வேண்டும் என்று) வையுங்கள்.