மைத்தொட்டி பொருத்திய பிரிண்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிண்டருக்கு வெளியே ஒரு மைத்தொட்டி, அதிலிருந்து போகும் மெல்லிய குழாய்கள், மறுமுனையில் சிப் பொருத்திய கார்ட்ரிட்ஜ்கள். சிஐஎஸ்எஸ் எனப்படும் தொடர் மை வழங்கும் அமைப்பு இவ்வளவுதான். தொட்டிக்குள் மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. அச்சிடும்போது, தாளில் மையைத் தெளிக்கும் பகுதியான ஹெட் செலவழிக்கும் மைக்கு ஈடாகத் தொட்டியிலிருந்து மை நகர்கிறது. அப்படி நகர்வதற்குத் தொட்டிக்குள் காற்று நுழைய வேண்டும். ‘ஹெட் போய்விட்டது’ என்று கைவிடப்படும் பிரிண்டர்கள் பலவற்றில் உண்மையில் கெட்டிருப்பது இந்தக் காற்றின் கணக்குதான் என்பது என் எண்ணம்.

முதல் தவறு, தொட்டியை வைக்கும் உயரம். மேஜையில் இடமில்லை என்று தொட்டியைப் பிரிண்டரின் தலைமேல் ஏற்றிவிடுகிறார்கள். ஹெட்டிலிருந்து மை வெளிவரும் நாசில் துளைகள் தலைமுடியின் தடிமனைவிடக் குறுகியவை. மையின் பரப்பு இழுவிசையும், உள்ளிருந்து மையைப் பின்னுக்கு இழுக்கும் சிறு எதிர்அழுத்தமும் சேர்ந்துதான் அது சொட்டாமல் காக்கின்றன. சாதாரணக் கார்ட்ரிட்ஜில் இந்த எதிர்அழுத்தத்தை உள்ளே இருக்கும் பஞ்சு அல்லது வால்வு தருகிறது. சிஐஎஸ்எஸ் அமைப்பில் அதைத் தருவது பெரும்பாலும் தொட்டி ஹெட்டைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது. தொட்டி மேலே போனால் புவியீர்ப்பில் மை இறங்கி வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்கும், தாளில் திட்டுத்திட்டாக விழும், கடைசியில் பிரிண்டரின் அடித்தட்டில் குளம் கட்டும். மிகவும் தாழ்த்தி வைத்தால் மை ஹெட்டை எட்டாமல் குழாயில் காற்று புகும். பிரிண்டர் நிற்கும் அதே மேஜைமீது, இரண்டின் அடிப்பகுதியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி, பக்கத்தில் வைப்பதே சரி. தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பதும் வேண்டாம்; சில நொடிகள் உயர்த்தினாலும் மை இறங்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது தவறு காற்றுத்துளை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொதுவான தொட்டிகளில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் இரண்டு அறைகள் உண்டு: மை நிற்கும் பெரிய அறை, காற்று நுழையும் சிறிய அறை. பெரிய அறையின் மூடி வழியாக மை ஊற்றுகிறோம். சிறிய அறையின் துளையில் ஒரு ரப்பர் அடைப்பானோ குட்டிக் காற்று வடிகட்டியோ இருக்கும். அச்சிடும்போது பெரிய அறை இறுக மூடியிருக்க வேண்டும், சிறிய துளை திறந்திருக்க வேண்டும். மை நிரப்பும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் காற்றுத்துளையை அடைத்து, பிறகு பெரிய மூடியைத் திறக்க வேண்டும். ஊற்றி முடித்ததும் பெரிய மூடியை மூடிவிட்டுக் கடைசியாகக் காற்றுத்துளையைத் திறக்க வேண்டும். வரிசை மாறி இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் மை சிறிய அறைக்குள் ஏறும், வடிகட்டி நனையும். நனைந்த வடிகட்டி காய்ந்ததும் காற்றை விடாது.

காற்றுத்துளை அடைபட்டிருப்பதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. முதல் ஓரிரு பக்கங்கள் பளிச்சென்று வரும். அடுத்தடுத்த பக்கங்கள் வெளிறிக்கொண்டே போகும். சிறிது நேரம் சும்மா விட்டுவிட்டு அச்சிட்டால் மறுபடியும் நன்றாக வரும். இது நாசில் அடைப்பு அல்ல. தொட்டிக்குள் வெற்றிடம் உருவாகி மை வர மறுக்கிறது. இந்த நிலையில் ஹெட் கிளீனிங் கட்டளையைக் கொடுத்துக்கொண்டே இருப்பது மையை வீணாக்கும் வேலை. முதலில் அடைப்பானைப் பாருங்கள்.

பிரிண்டரை இடம் மாற்றும்போது மட்டும் காற்றுத்துளைகளை அடைத்துக்கொள்ளலாம். தொட்டியையும் பிரிண்டரையும் ஒன்றாக, சாய்க்காமல் நகர்த்த வேண்டும். போய்ச் சேர்ந்ததும் துளைகளைத் திறக்க மறந்தால், மேலே சொன்ன வெளிறல் கதைதான்.

குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெட் இடது கோடியிலிருந்து வலது கோடிவரை போய்வரும். குழாயின் நீளம் குறைந்தால் ஒரு கோடியில் அது ஹெட்டை இழுத்து நிறுத்திவிடும். கூடினால் மடங்கி மூடியில் சிக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஹெட் பூட்டு விடுபட்டிருக்கும் நிலையில் அதைக் கையால் மெதுவாக இருபுறமும் நகர்த்திப் பார்த்த பிறகே குழாயை ஒட்டுங்கள்.

இனி மை. ‘எல்லாப் பிரிண்டருக்கும் பொருந்தும்’ என்று எழுதிய பாட்டிலைப் பார்த்தால் நான் இரண்டு அடி தள்ளியே நிற்பேன். டை மையில் நிறம் முழுதாகக் கரைந்திருக்கும். பிக்மென்ட் மையில் நுண்துகள்களாக மிதக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்தால் துகள்கள் திரண்டு, குழாயிலும் ஹெட்டிலும் கசடாகப் படியக்கூடும். பல பிரிண்டர்கள் கறுப்புக்கு பிக்மென்ட், மற்ற வண்ணங்களுக்கு டை என்ற ஏற்பாட்டில் வருகின்றன. ஆகவே வண்ணம் பொருந்தினால் போதாது, வகையும் பொருந்த வேண்டும். ஹெட்டின் தொழில்நுட்பமும் முக்கியம். எப்சன், பிரதர் பிரிண்டர்களில் ஹெட் பீசோ வகை. மின்னழுத்தத்தில் வளையும் படிகம் மையைத் தள்ளுகிறது. கேனான், எச்பி வீட்டுப் பிரிண்டர்களில் மை நொடியில் சூடாகி எழும் குமிழிதான் துளியைத் தள்ளுகிறது. இந்த வெப்ப வகை ஹெட்டில் மை வராமல் அச்சிட்டால் சூடாகும் பகுதி எரிந்துபோகலாம். துணியிலும் கோப்பையிலும் படம் பதிக்கும் சப்ளிமேஷன் மையை இந்த வகைப் பிரிண்டரில் ஊற்றவே கூடாது.

கணினித் திரையில் காட்டும் மை அளவை நம்புவது இன்னொரு வழுக்கல். சிப் மையை அளப்பதில்லை. பிரிண்டர் சொட்டுகளை எண்ணி ஊகிக்கிறது; அந்தக் கணக்கை வைத்திருக்கும் சிப், மை தீர்ந்ததாகக் காட்டிய பிறகு தானே பழைய எண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. திரையில் முழுத்தொட்டி தெரியும், மேஜையில் தொட்டி காலியாக இருக்கும். கண்ணால் பார்த்து, குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்கும்போதே நிரப்புங்கள். ஒருமுறை குழாயில் காற்று புகுந்துவிட்டால் சிரிஞ்சு வைத்து உறிஞ்சி எடுப்பதற்குள் கையெல்லாம் நான்கு வண்ணமாகிவிடும். சிப் பற்றி மேலும் ஒன்று: தயாரிப்பாளர் அனுப்பும் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பு, வெளியார் சிப்பை ஏற்க மறுக்கும்படி செய்துவிடலாம். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பது நல்லது.

பிரிண்டரை அதன் பொத்தானால் அணைக்காமல் சுவர் சுவிட்சைத் தட்டுவது பலருக்குப் பழக்கம். பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் அமர்கிறது. நடுவழியில் நின்ற ஹெட் திறந்தபடியே காயும்.

ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்து பலமுறை ஓட்டுவதும் தவறே. இரண்டு மூன்று முறைக்கும் நாசில் சோதனையில் மாற்றம் இல்லையென்றால் சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, விட்டுவிட்டு மறுபடி பார்க்கலாம். காய்ந்த மை ஊறவும் சிறு குமிழிகள் அடங்கவும் அவகாசம் கிடைக்கும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை பிரிண்டரின் அடியிலுள்ள கழிவுப் பஞ்சில்தான் சேர்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு காட்டினால் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். மென்பொருளால் அந்த எண்ணைப் பூஜ்யமாக்கி ஓட்டுபவர்கள் உண்டு. எண் குறைந்ததே தவிர பஞ்சு காயவில்லை. பஞ்சை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றினால் மை மேஜையில் வழியும்.

கடைசியாக, யாருக்கு இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடலாம். வெளித்தொட்டியைப் பிரிண்டர் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதனால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். எப்சன் 2010இல் தொட்டியோடு கூடிய பிரிண்டரை வெளியிட்ட பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன. புதிதாக வாங்குபவர் அதையே வாங்கலாம். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட்டு மையை ஓடவிட முடியாதவருக்கு எந்த மைத்தொட்டியும் உதவாது. எப்போதாவது நாலு பக்கம் கறுப்பு வெள்ளையில் எடுப்பவருக்கு லேசர் பிரிண்டர் போதும். அதில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் பொடி, மாதக்கணக்கில் கிடந்தாலும் காய்ந்து அடைக்காது.