ரெய்டு இருந்தாலும் தனி நகல் வேண்டும்

வீட்டு சர்வரில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை ரெய்டு 1 (RAID 1, ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் ஒருசேரப் பதியும்) முறையில் இணைத்துவிட்டு, அதையே காப்பு நகல் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது கைகொடுக்கும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அந்தக் கணமே அழிந்துவிடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் இதே கதிதான். திரைப்படங்களை எப்படியாவது மீண்டும் பெறலாம்; குழந்தைகளின் புகைப்படங்களைப் பெற முடியாது. அவற்றையாவது வெளிப்புற டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி, முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். அவ்வப்போது அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில் 5, 197, 198 ஆகிய எண்ணுள்ள வரிகள் பழுதான செக்டர்களை, அதாவது தரவு பதியும் சிறு பகுதிகளை, காட்டுபவை. அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை உடனே மாற்றுங்கள்.