தறிப்பட்டறைச் சத்தத்துக்கு எந்த இயர் பிளக்? வாங்குவதும் போடுவதும்

நாடா (ஷட்டில்) அடித்து நெய்யும் தறி ஓடும் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்காக, சத்தத்தைக் குறைக்கக் காதுக்குள் செருகும் இயர் பிளக் பற்றி எழுதுகிறேன். லேத், கிரைண்டிங், ஜெனரேட்டர் ரூம் என்று சத்தத்துக்குள் நிற்கும் மற்றவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். சத்தம் காதைக் கெடுக்குமா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. இருபது வருஷம் தறி ஓட்டியவர் யாரிடமாவது முதுகுப் பக்கம் நின்று மெல்லப் பேசிப் பாருங்கள், தெரிந்துவிடும். இப்படிக் கெட்ட காதை மருந்தோ ஆபரேஷனோ மீட்டுத் தராது.

1. முதலில் சத்தத்தை அளந்துவிடுங்கள்

ஐபோன் வைத்திருப்பவர் ஒருவரைப் பிடியுங்கள். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான நியாஷ் இலவசமாகத் தரும், சத்தத்தை அளக்கும் சவுண்ட் லெவல் மீட்டர் ஆப் ஐபோனில் மட்டும்தான் உண்டு. ஆண்ட்ராய்டில் கிடைக்கும் ஆப்கள் போனுக்குப் போன் வேறு வேறு எண் காட்டும். எந்த மூலையில் சத்தம் அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை போதும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். ஆப் எதுவும் இல்லையா? கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் சத்தம் 85 டெசிபலை (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தறிக்காரர்கள் கத்துவதுகூட இல்லை. கையாலும் உதட்டாலுமே பேசி முடித்துவிடுகிறோம்.

எங்கள் பட்டறையில் எல்லாத் தறியும் ஓடும்போது 98 சொச்சம் வருகிறது. இந்தியத் தொழிற்சாலை விதிகளின் கணக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், ஒவ்வொரு 5 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி. அந்தக் கணக்கில் 98-இல் வெறுங்காதோடு இரண்டரை மணி நேரம் நிற்கலாம். நியாஷ் சொல்வது 85-இல் 8 மணி நேரம், 3 டெசிபலுக்கே நேரம் பாதி. அதன்படி பார்த்தால் அரை மணி நேரம்கூடத் தேறாது. நாம் ஓட்டுவது 12 மணி நேர ஷிப்ட்.

2. அட்டையில் உள்ள எண்ணை அப்படியே கழிக்காதீர்கள்

பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். 29 என்று போட்டிருக்கும். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று சொல்லும் அமெரிக்க முறை எண் அது. 98-இல் 29 போனால் 69 என்று கடைக்காரர்கூடச் சொல்வார். அந்த எண், ஆய்வுக்கூடத்தில் பக்குவமாகப் போட்டுவிட்டு எடுத்தது. நடைமுறைக்கு அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா சொல்லும் வழி: எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்குங்கள். 29-க்கு 11 வரும். அதாவது 98 என்பது 87 ஆகும். நன்றாகப் பொருந்தியவருக்கு இதைவிடக் கூடுதலாகவே குறையும். ஆனால் வாங்கும்போது இந்தக் கஞ்சக் கணக்கே பத்திரம்.

சில பாக்கெட்டில் எஸ்.என்.ஆர். என்று இருக்கும். அது ஐரோப்பிய முறை, அளக்கும் விதமே வேறு. ஒன்றில் 32, இன்னொன்றில் 29 என்று பார்த்து 32-ஐ எடுத்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பஞ்சைத் திணித்துக்கொள்வது எண்ணிக்கையிலேயே சேராது. பட்டறையில் சும்மா கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை.

3. உள்ளே செருகும் பிளக்கா, காதை வெளியே மூடும் மஃப்பா?

தறிப்பட்டறைக்கு என் ஓட்டு பிளக்குக்குத்தான். சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காதை மூடும் மஃப்போடு யாரும் ஒரு ஷிப்ட் தாங்கமாட்டார்கள். மெத்தைக்குள் வியர்த்து ஊறும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கித் துடைக்கத் தோன்றும். கண்ணாடிக் காம்பு, தோட்டின் திருகாணி, காதோரம் வரை வரும் பூச்சரம் எல்லாமே மெத்தைக்கு அடியில் இடைவெளி விடும். சத்தம் அந்த வழியாக நுழைந்துவிடும். கிரைண்டிங் மாதிரி விட்டுவிட்டு வரும் வேலைக்கு மஃப் நல்லது, போடுவதும் கழற்றுவதும் சுலபம்.

பிளக்கிலும் கயிறு கோத்ததையே வாங்குங்கள். கீழே விழுந்த பிளக்கில் பஞ்சுத் தூசும் கிரீஸும் அப்பிவிடும், மறுபடி காதில் வைக்க முடியாது. நுரை வகையில் த்ரீஎம் 1110, என்.ஆர்.ஆர். 29, ஒரு ஜோடி ஏறக்குறைய ஒரு டீ விலை. சுருட்டிப் போடப் பொறுமை இல்லாதவர்களுக்கு மூன்று அடுக்கு உள்ள ரப்பர் வகை 1270, என்.ஆர்.ஆர். 24. எண் குறைவுதான். ஆனாலும் கையில் எண்ணெய் படிந்தபடியே இருக்கும், தறி பழுது பார்க்கும் பிட்டர்களுக்கு அதைத்தான் சொல்வேன். காம்பைப் பிடித்துச் செருகலாம், உள்ளே போகும் பகுதியில் கை படாது.

4. போடும் முறை (இங்கேதான் எல்லாம் கோட்டை விடப்படுகிறது)

நுரை பிளக்கைத் திருகாணி மாதிரி காதில் அமுக்கித் திருகுவதைத்தான் எங்கும் பார்க்கிறேன். அப்படிப் போட்டால் பாதிக்கு மேல் வெளியே நிற்கும், சத்தமும் குறையாது. "இது வேஸ்ட்டுங்க" என்று மறுநாள் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிளக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல், ஊதுபத்தி அளவுக்கு ஒல்லியாக்குங்கள். மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு வழியாகச் சத்தம் ஒழுகும். வலது காதில் போடுவதென்றால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், வலது காது மடலின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழி வளைந்திருக்கிறது, இழுத்தால்தான் வழி நேராகும். இழுத்த நிலையிலேயே பிளக்கை உள்ளே விட்டு, விரல் நுனியால் அதன் முனையைத் தாங்கியபடி முப்பது எண்ணுங்கள். விரலை உடனே எடுத்தால் விரியும் நுரை தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும். பொறுத்திருந்தால், இருபதை நெருங்கும்போது நாடா அடிக்கும் சத்தம் அடுத்த தெருவுக்குப் போனது மாதிரி கேட்கும்.

சோதிக்க வேண்டுமா? தறி ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக்கி மூடுங்கள், அப்புறம் எடுங்கள். பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. மூடியதும் சட்டென்று சத்தம் இறங்கினால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

எனக்கு இடது காதில் எப்படிப் போட்டாலும் நிற்காது. குழி சிறியது என்று காது டாக்டர் சொன்ன பிறகு அந்தப் பக்கத்துக்கு மட்டும் சின்ன சைஸ் வாங்கினேன், பிரச்சினை தீர்ந்தது. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று இல்லை. சீழ் வடியும் காதில் எந்த பிளக்கும் போடக் கூடாது, முதலில் டாக்டர்.

5. இடையில் கழற்றாதீர்கள்

ஷிப்ட் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு சத்தத்துக்குள்ளேயே பிளக் இல்லாமல் நின்றால், எவ்வளவு உசத்தியான பிளக் வாங்கியிருந்தாலும் மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு 10 டெசிபலைத் தாண்டாது. காதுக்குள் போகும் ஒலி ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது. போன் வந்தால் வெளியே போய்க் கழற்றுங்கள். திரும்பும்போது வாசலுக்கு வெளியே நின்றே போட்டுக்கொள்ளுங்கள்.

"தறி மக்கர் பண்ணினால் காதில் விழாதே?" என்று கேட்பார்கள். முதல் சில நாள் சிரமம்தான். பிறகு காது பழகிவிடும். அடி மாறினால் தெரியும்.

நுரை பிளக்கைத் துவைக்காதீர்கள். அழுக்கானாலோ, உருட்டினால் பழைய வடிவத்துக்கு வராவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். ரப்பரை சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம்.

பின்சேர்க்கை 1: புளூடூத் இயர்பட்ஸில் வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போதாது. அது விமான இரைச்சல் போலச் சீராக, கனமாக வரும் ஒலியைத்தான் நன்றாகக் குறைக்கும். நாடாவின் அடி அப்படிப்பட்டதல்ல. அதோடு, தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க வால்யூமைக் கூட்டுவீர்கள்.

பின்சேர்க்கை 2: 105 டெசிபலுக்கு மேல் போகும் இடங்களுக்கு பிளக்கும் மஃப்பும் சேர்த்துப் போடலாமா? போட வேண்டும். ஆனால் இரண்டு எண்ணையும் கூட்டாதீர்கள். பெரிய எண்ணின் கணக்கோடு ஒரு 5 சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் கிடைக்கும்.

பின்சேர்க்கை 3: காது டெஸ்ட் எப்போது எடுப்பது என்று கேட்டவருக்கு: லீவு முடிந்து ஷிப்டுக்குப் போவதற்கு முன். சத்தத்திலிருந்து குறைந்தது 14 மணி நேரம் விலகி இருந்த பிறகு எடுத்தால்தான் காதின் களைப்பு கலக்காத அளவு வரும். ரிப்போர்ட்டில் 4000 ஹெர்ட்ஸ் (கீச்சென்று கேட்கும் ஒலி) இருக்கும் இடத்தில் கோடு பள்ளமாக இறங்குகிறதா பாருங்கள். சத்தத்தால் வரும் கேடு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி, அடுத்த வருஷம் எடுப்பதோடு ஒப்பிடச் சொல்லி டாக்டரிடம் கொடுங்கள்.