உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவாருங்கள்: பொதுக் கண்காட்சியில் ஓர் அறிவியல் அரங்கு

பள்ளிக்குள் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கும் பொதுமக்கள் வந்துபோகும் கண்காட்சிக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பள்ளியில் நடுவர்கள் வருவார்கள், மதிப்பெண் போட வேண்டுமே என்று கடைசிவரை நின்று கேட்பார்கள். புத்தகத் திருவிழாவில் அப்படி யாரும் நிற்பதில்லை. ஒரு கையில் டெல்லி அப்பளமும் மறுகையில் குழந்தையுமாக வருகிறவர் உங்கள் மேசை முன் நிற்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அவர் வீட்டிலிருந்தே வர வேண்டும் என்பதுதான் பல ஆண்டுகளாக அரங்கு போட்டதில் நான் உறுதியாக நம்பும் ஒன்று.

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். எங்கள் பக்கம் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற அன்று குடம், டிரம், சிமென்ட் தொட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு இப்படிப் பிடித்து வைத்த தண்ணீர்தான் தாய்வீடு. எனவே பொதுக் கண்காட்சி என்றாலே நானும் என் மாணவர்களும் கொசுப்புழு அரங்கு போடுகிறோம். அதை வைத்தே இங்கே சொல்கிறேன். உங்கள் பொருள் மண்ணாக இருந்தாலும் பாலாக இருந்தாலும் வழி இதுதான்.

ஒரு கேள்வி போதும்

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைத் தாளில் எழுதுங்கள். எங்களுடையது: “என் வீட்டில் கொசு எங்கே பிறக்கிறது?” இதற்கு விடை தேட உதவாத எதையும் மேசையில் வைக்காதீர்கள். மாணவர்கள் தெர்மாகோலில் வைரஸ் செய்து வருவார்கள். மலேரியாக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை வண்ணச் சார்ட்டில் அழகாக வரைந்து வருவார்கள். அவர்கள் உழைப்பைப் பாராட்டிவிட்டு அதைப் பள்ளிச் சுவரில் மாட்டுங்கள். சார்ட்டை நின்று படிக்கிறவர்களை நான் பொதுக் கண்காட்சிகளில் அநேகமாகப் பார்த்ததே இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், அந்த ஒரே கேள்வி மட்டும் பலகையில் இருக்கட்டும்.

அரங்குக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. பகலில் பள்ளிப் பேருந்துகளில் வந்து இறங்கும் பிள்ளைகளை, “நடந்துகொண்டே பாருங்கள்” என்று ஆசிரியர்கள் வரிசையாக ஓட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு இருபது வினாடியில் முடிகிற ஒன்று வேண்டும். சனி, ஞாயிறு மாலைகளில் குடும்பமாக வருகிறவர்கள் ஐந்து நிமிடம்கூட நிற்பார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து பார்க்க ஒன்று வேண்டும்.

இருபது வினாடிக்கு, கொசுப்புழு நிறைந்த ஓர் அகலமான கண்ணாடி ஜாடி போதும். புழுக்கள் எல்லாம் வாலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளையிடம், “ஜாடிக்கு மேலே கையை வீசு, ஆனால் தொடாதே” என்று சொல்லுங்கள். கையின் நிழல் விழுந்த நொடியில் அத்தனையும் நெளிந்துகொண்டு அடிக்கு ஓடும். ஒரு நிமிடம் பொறுத்தால் மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மேலே வரும். மீண்டும் கை, மீண்டும் ஓட்டம். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். அம்மா குடத்தைத் திறந்து பார்த்துவிட்டு “புழுவே இல்லை” என்று சொல்வதற்கும் இதுதான் காரணம் என்று அந்த இடத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். மூடியைத் திறக்கும்போதே அவை அடியில் போய் ஒளிந்துவிடுகின்றன.

ஐந்து நிமிடத்துக்கு லென்ஸ். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வகுப்பறைக்கு அருமையான கருவி. கூட்டத்துக்கு ஒத்துவராது. கண்ணைப் பொருத்தி, கூர்மை சரிசெய்து, வெளிச்சம் பார்ப்பதற்குள் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். பத்து மடங்கு கைலென்ஸும் வெள்ளைப் பீங்கான் தட்டும் போதும். ஏடிஸ் புழுவின் சுவாசக் குழல் குட்டையாகத் தடித்திருக்கும். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸுக்கு அது நீளமாக மெலிந்திருக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸுக்குக் குழலே கிடையாது, அதனால் நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். மூன்றையும் மூன்று தட்டில் வைத்தால் பெரியவர்களே குனிந்து ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

உயிரோடு காட்டுவதென்றால்

புழுக்களை ஐந்தாறு நாட்களுக்கு முன்பே சேர்க்கத் தொடங்குங்கள். குழிக்கரண்டியால் சட்டென்று மொண்டெடுக்க வேண்டும். தயங்கினால் கரண்டியின் நிழலுக்கே இறங்கிவிடும். தீனியாக மீன் உணவைத் தூளாக்கி ஒரு சிட்டிகை போடுங்கள். அதற்கு மேல் போட்டால் தண்ணீர் ஆடை கட்டிப் புழு செத்துவிடும்.

முட்டையைக் காட்டுவதும் முக்கியம். மக்கள் மனத்தில் பதிய வேண்டிய செய்தியே அங்கேதான் இருக்கிறது. ஒரு கறுப்பு டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, உள்விளிம்பில் சொரசொரப்பான காகிதப் பட்டை ஒன்றைச் செருகி, நிழலான மூலையில் வையுங்கள். நான்கு நாளுக்குள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மிளகுத் தூளைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். உடனே பட்டையை எடுத்துவிடுங்கள், டப்பாவைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மறந்துபோனால் நீங்களே கொசு வளர்த்தவர் ஆவீர்கள். பட்டையை இரண்டு மூன்று நாள் ஈரமாகவே வைத்திருந்து பிறகு நிழலில் உலர்த்தினால் முட்டைகள் பல மாதம் உயிரோடு கிடக்கும். கண்காட்சி அன்று காலையில் அதில் ஒரு துண்டை, கொதித்து ஆறிய தண்ணீரில் எல்லோர் முன்னிலையிலும் போடுங்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அது முட்டை பொரியத் தூண்டும். எல்லாம் பொரியாது. ஆனால் மாலைக் கூட்டம் வருவதற்குள், நூல் நுனி போல் சில நெளிந்துகொண்டிருக்கும். “தண்ணீரைக் கொட்டினேன், பிறகும் ஏன் புழு வந்தது?” என்று கேட்கிற அக்காவுக்கு அந்தக் கிண்ணமே பதில். முட்டை சுவரில் ஒட்டியிருக்கிறது, தேய்த்துக் கழுவாமல் அது போகாது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை தேய்க்கச் சொல்கிறோம்.

கூட்டுப்புழுக்களை ஜாடியில் விட்டுவைக்காதீர்கள். தலை பெருத்து வளைந்து, காற்புள்ளி போல் இருக்கும். இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தினமும் காலையில் இங்க் பில்லரால் உறிஞ்சி எடுத்து வெந்நீரில் போடுவதற்கு ஒரு மாணவரை நியமியுங்கள். ஒவ்வொரு ஜாடியின் வாயிலும் கொசுவலைத் துணி, அதன் மேல் இரண்டு ரப்பர் பேண்ட். நகராட்சிச் சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் அவரையே வந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அவர்கள் எப்போதும் உதவியாகவே இருந்திருக்கிறார்கள். புழுவின் மீது மண்ணெண்ணெய் விட்டுக் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். பந்தலுக்குள் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். கப்பி மீன் நான்கைந்தைக் காலையிலிருந்து தீனி போடாமல் வைத்திருந்து ஒரு பில்லர் புழு விட்டால் போதும், மேசை முன் கூட்டம் நெருக்கியடிக்கும். மீனை எடுத்துப்போய்க் கண்மாயில் விட வேண்டாம், கிணறும் தொட்டியும் போதும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அது நம் ஊர் மீன் அல்ல.

மேசையைப் பற்றிச் சுருக்கமாக. பந்தல் டியூப்லைட் கண்ணாடியில் பளபளக்கும், எனவே ஜாடிக்குப் பின்னால் வெள்ளை அட்டை நிறுத்தி, பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேசைக்கு மேலே கட்டுங்கள், தண்ணீர் கொட்டும். குழந்தைகள் ஏறி நிற்க ஒரு மணைப்பலகை. முடிந்தால் ஓர் ஆட்டுக்கல். தூக்கி வருவது சிரமம்தான், ஆனாலும் கொண்டுவாருங்கள். கொல்லையில் மழைத் தண்ணீரோடு கிடக்கும் தங்கள் வீட்டு ஆட்டுக்கல் எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிடும்.

விளக்கும் மாணவர்களுக்கு

“வணக்கம். என் பெயர் இன்னது. என் படைப்பின் தலைப்பு இன்னது” என்று ஒப்பிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அறிவுள்ள பிள்ளைகளை அது டேப் ரிக்கார்டர் ஆக்கிவிடுகிறது. அதற்குப் பதில் மூன்று கேள்விகள் போதும்: “உங்கள் வீட்டில் தண்ணீர் எதில் பிடித்து வைப்பீர்கள்?”, “பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?”, “பகலில் கொசு கடிக்கிறதா, இரவிலா?” பதில் வந்த பிறகுதான் மாணவர் பேச வேண்டும். பகலில் கடிக்கிறது என்றால் பேச்சு ஏடிஸ் பக்கம் போகும். அது சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போவதில்லை என்று சொன்னதும், “அப்படியானால் எங்கள் தெருவிலேயே பிறந்ததா?” என்று வருகிறவரே கேட்பார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், தொண்டை கட்டிவிடும்.

ஊருக்குச் சொல்வது

விளம்பரத்தைத் தனி வேலையாக நினைக்க வேண்டாம். எங்கள் அறிவிப்பு இவ்வளவுதான்: “உங்கள் வீட்டுத் தண்ணீர் அரை பாட்டில் கொண்டுவாருங்கள். அதில் கொசுப்புழு இருக்கிறதா என்று நீங்களே லென்ஸில் பாருங்கள்.” கீழே நாள், இடம், அரங்கு எண். அறிவியல் மனப்பான்மை, விழிப்புணர்வு போன்ற சொற்கள் எதுவும் இல்லை. வீட்டிலிருந்து பாட்டிலோடு கிளம்புகிறவர் கண்காட்சிக்கு வந்துவிட்டு உங்கள் அரங்கை விட்டுவிட்டுப் போக மாட்டார்.

இதை எங்கெல்லாம் சொல்வது? நாளிதழ்களின் “இன்றைய நிகழ்ச்சிகள்” பகுதிக்கு இரண்டு நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். உள்ளூர் கேபிளில் ஓடும் எழுத்து வரிக்குக் கேட்டுப் பாருங்கள். ரேஷன் கடைச் சுவர், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், ஆரம்பப் பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டம், இவை மூன்றும் எந்தப் பெரிய பேனரைவிடவும் பலன் தரும். துண்டுப்பிரசுரம் அடித்தால் பேப்பர் ஏஜென்ட்டிடம் முதல் நாள் மாலையே கொடுத்துவிடுங்கள், விடியற்காலையில் அவருக்குப் பேச நேரம் இருக்காது. ஆட்டோவில் மைக் கட்டுவதானால் காவல் நிலைய அனுமதி வாங்குங்கள். வாட்ஸ்ஆப் குழுக்களுக்குப் போஸ்டரை அனுப்புவதைவிட, நிழலுக்குப் பயந்து புழுக்கள் இறங்கும் பதினைந்து வினாடி வீடியோவை அனுப்புங்கள். அதை மக்கள் தாங்களாகவே மற்றவர்களுக்கு அனுப்புவார்கள்.

நிருபர்களுக்கு ஒரு நாள் வேண்டும். ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். 1897இல் அதே நாளில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அனாபிலஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நம் நாட்டில் நடந்த கண்டுபிடிப்பு, நம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வருகிற நாள். செய்தி எழுத இதைவிட என்ன வேண்டும்? பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளிலும் செய்யலாம். ஆனால் அன்று எல்லாப் பள்ளியிலும் கண்காட்சி இருக்கும், உங்கள் செய்தி அதில் கரைந்துவிடும். திறப்பு விழாவுக்குப் பிரமுகரை அழைத்தால் கூட்டம் இல்லாத காலை நேரத்தைக் கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு அவருக்காக வரிசையை நிறுத்தி வைப்பது பாட்டிலோடு காத்திருப்பவருக்குச் செய்யும் அநீதி.

பாட்டில்கள் வந்ததும் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். பாட்டில் மீது எண் மட்டும் ஒட்டுங்கள், பெயர் வேண்டாம். “ஐயோ, இதில் புழு!” என்று எந்த மாணவரும் கூவக் கூடாது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் பெண்கள்தான் பாட்டிலோடு வருகிறார்கள், நாலு பேர் முன்னால் அவர்கள் தலைகுனியக் கூடாது. தண்ணீரைத் தட்டில் ஊற்றி லென்ஸை அவர் கையில் கொடுத்து, ஒதுங்கி நில்லுங்கள். ஒருமுறை ஒரு பாட்டி மணி பிளான்ட் வளரும் பாட்டிலையே செடியோடு தூக்கி வந்துவிட்டார். வேருக்கு இடையில் ஏடிஸ் புழுக்கள். “இதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் தம்பி” என்றார் என் மாணவனிடம். “பாட்டி, நீங்கள் இலையைப் பார்த்திருப்பீர்கள்” என்றான் அவன். பாட்டி சிரித்துவிட்டு, பாட்டிலின் உட்சுவரைத் தேய்க்க எந்த பிரஷ் நல்லது என்று விசாரித்தார். அந்தப் பையனைப் பார்த்து அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

புழு இருந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் பலகையில் ஒரு கோடு போடுங்கள்: டிரம், பிரிட்ஜ் தட்டு, பூந்தொட்டித் தட்டு, டயர், ஆட்டுக்கல் என்று பிரித்து. இரண்டாம் நாள் வருகிறவர்கள் அந்தக் கோடுகளை எண்ணுவார்கள், வீட்டுக்குப் போன் செய்து, “பிரிட்ஜுக்குப் பின்னால் பார்” என்பார்கள். அன்று மாலை புதிய பாட்டில்கள் வரும். நீங்கள் அடித்த நோட்டீஸ் எல்லாவற்றையும்விட அந்தப் பலகைதான் ஆளைக் கூட்டி வரும்.

கடைசி நாள் இரவு, எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டியது இது. கொண்டுவந்த ஜாடிகளை எண்ணிச் சரிபாருங்கள். ஒவ்வொன்றிலும் கொதிக்கும் நீரை ஊற்றி, ஆறியதும் உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைப் பட்டைகளை எரித்துவிடுங்கள். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் வெயில் படும் மண் தரையில் கொட்டுங்கள். பலகையில் உள்ள கணக்கைத் தெருவாரியாகப் பிரித்து எழுதி, பெயர் எதுவும் இல்லாமல், மறுநாள் காலையில் சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் அடுத்த வாரம் எந்தத் தெருவில் தொடங்கலாம் என்று முடிவுசெய்ய அது அவருக்குப் பயன்படும்.