எம்.டி. முடித்தபின் முதல் வேலை: கையெழுத்துக்கு முன்

முதலில், மேற்படிப்பைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துவிடுங்கள்.

தனியார் மருத்துவமனை பேசும் தொகை சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா? கட்டணம் என்றால் 10 சதவீதம் வரியாக (டி.டி.எஸ்.) முன்கூட்டியே பிடிப்பார்கள், பி.எஃப். இருக்காது. 'மினிமம் கேரண்டி', அதாவது நோயாளி குறைந்தாலும் மாதாமாதம் தருவதாகச் சொல்லும் குறைந்தபட்சத் தொகை, எத்தனை மாதத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அது முடிந்ததும் வருமானம் நோயாளிகளின் வருகையை நம்பித்தான். பலர் நொந்துபோவது அங்கேதான்.

பணத்தைவிட ஆளை அரிப்பது இரவு அழைப்பு. மாதம் எத்தனை இரவு, மறுநாள் காலை ஓ.பி. உண்டா, விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள் என்பதை எச்.ஆரிடம் அல்ல, அங்குள்ள டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு ஐ.சி.யூ.வை எட்டிப் பார்த்து, எத்தனை படுக்கைக்கு எத்தனை செவிலியர் என்று எண்ணுங்கள். ஆள் குறைந்தால் சின்னச் சந்தேகத்துக்கும் உங்கள் போன்தான் அடிக்கும்.

அசல் சான்றிதழை ஒப்படைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.