பேர சொல்லி கிளாஸ கூப்பிடுறது: பிஹெச்பி புதுசா படிக்கிறவங்களுக்கு

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து செக்ரோலுக்கு (வேலைக்கு வர்றவங்க பேர் பதியிற இடாப்பு) சின்னதா வெப் அப் ஒண்ணு செய்றோம்னு வச்சுக்குங்க. கொழுந்து, கவ்வாத்து (தேயிலைச் செடிய வெட்டி விடுறது), புல்லுவெட்டு, மருந்தடிப்புன்னு ஒவ்வொரு வேலைக்கும் கணக்கு வேற, கொழுந்துன்னா மேலதிக கிலோவுக்கு தனிக் காசு, கவ்வாத்துல அந்தப் பேச்சே இல்ல, அதனால வேலைக்கொரு கிளாஸ். நான் மொதல்ல இஃப், எல்ஸ் இஃப்னு அடுக்கிக்கிட்டே போயி கடைசில எனக்கே வழி தெரியல. கிளாஸ் பேர ஒரு ஸ்ட்ரிங்ல வச்சு, அந்தப் பேராலயே கிளாஸ கூப்பிட்டா அந்த அடுக்கே வேணாம்.

மொத ஸ்டெப். ஒரு கிளாஸுக்கு ஒரு ஃபைல், ரெண்டுக்கும் ஒரே பேர். கொம்போசரோட (பிஹெச்பி லைப்ரரிகள எடுத்துத் தர்ற டூல்) ஜேசன் ஃபைல்ல பிஎஸ்ஆர்-4 (கிளாஸ் பேர வச்சு ஃபைல கண்டுபிடிக்கிற விதி) போட்டு எந்த நேம்ஸ்பேஸ் (கிளாஸ் பேருக்கு முன்னால வர்ற குடும்பப் பேர் மாதிரி) எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்லுங்க, கொம்போசர் டம்ப்-ஒட்டோலோட் அடிங்க, வெண்டர் ஃபோல்டர்ல வர்ற ஒட்டோலோட் ஃபைல ரிக்வயர் பண்ணுங்க, முடிஞ்சுது. பழைய பாடங்கள்ல ரெண்டு அண்டர்ஸ்கோர் வச்ச ஒட்டோலோட் ஃபங்ஷன் இருக்கும், அத பாத்து எழுதாதீங்க, பிஹெச்பி 8ல எடுத்தே விட்டாங்க.

அடுத்தது, நியூவுக்குப் பக்கத்துல கிளாஸ் பேருக்குப் பதிலா டொலர் போட்ட வேரியபிள். அவ்வளவுதான். ஆனா அந்த ஸ்ட்ரிங்ல நேம்ஸ்பேஸோட முழுப்பேரும் இருக்கணும், மேல யூஸ் போட்டிருக்கேனேன்னா செல்லாது. கிளாஸ் பேருக்குப் பின்னால ரெண்டு கோலன் வச்சு கிளாஸ்னு எழுதினா முழுப்பேர் தானா வந்துரும்.

இப்பதான் முக்கியமான எடம். யூஆர்எல்ல வர்ற பேர அப்பிடியே நியூவுக்கு குடுத்துறாதீங்க. பெரட்டுக்களத்துல (காலைல ஆள்கூடி வேலை பிரிக்கிற எடம்) செக்ரோல்ல உள்ள பேரத்தான் கூப்பிடுவாங்க, ரோட்டுல போறவன் கைய தூக்கினா பேர் விழுமா? அதே மாதிரி ஒரு அரே வைங்க, இந்தப்பக்கம் வேலை, அந்தப்பக்கம் கிளாஸோட முழுப்பேர், அரேல இல்லாத வேலைன்னா 404. கிளாஸ் இருக்கான்னு சொல்ற கிளாஸ் எக்ஸிஸ்ட்ஸ் ஃபங்ஷன வச்சு பாத்தா போதாதான்னு கேப்பீங்க, போதாது, வெண்டர்ல கெடக்குற அத்தன கிளாஸுக்கும் அது ஆமான்னுதான் சொல்லும். எல்லா கிளாஸுக்கும் பொதுவா ஒரு இன்டர்ஃபேஸும் (எந்தெந்த மெத்தட் கட்டாயம் இருக்கணும்னு சொல்றது) வச்சிட்டா கணக்கு மெத்தட் எதுலயும் விட்டுப்போகாது.

லெப்டொப்ல ஓடுது, சேர்வர்ல கிளாஸ் நொட் ஃபவுண்ட்னு வருதா? மழைக்கு கரண்டும் போயி, ஃபோன் டேட்டாவ வச்சு ராத்திரி பூரா நான் தேடினது ஃபைல் பேரோட மொத எழுத்து, சின்னெழுத்தா அடிச்சிருக்கேன். விண்டோஸ் அத கண்டுக்காது, லினக்ஸ் விடாது. பேர மாத்தும்போதும் சும்மா ரீநேம் பண்ணினா விண்டோஸ்ல ஜிட்டுக்கு (கோட்ல செய்ற மாத்தங்கள பதிஞ்சு வைக்கிற டூல்) தெரியாம போகலாம், ஜிட் எம்வி அடிச்சு மாத்துங்க.