வீச்சுவலையை ஆழத்தில் வீசாதீர்கள்: கடற்கரைக்கு ஊழியப் பயிற்சிக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் இறையியல் கல்லூரிகளிலிருந்து பயிற்சி மாணவர்கள் எங்கள் கரைக்கு வந்து இறங்குவார்கள். ஒரு பை, ஒரு லேப்டாப், இஸ்திரி கலையாத இரண்டு வெள்ளைச் சட்டை. பாம்பனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாலத்தோடு ஒரு செல்ஃபி. அதில் தவறொன்றும் இல்லை, நானே இன்னும் எடுக்கிறேன். தவறு ஞாயிற்றுக்கிழமைதான் ஆரம்பிக்கும்.

முதல் பிரசங்கத்துக்குப் பெரும்பாலானவர்கள் எடுப்பது லூக்கா 5, ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காத பேதுருவிடம் இயேசு ஆழத்தில் வலை போடச் சொல்லுகிற அதிகாரம். கடற்கரைச் சபை, மீன்பிடிக்கிற ஜனங்கள், மீன் பிடித்த கதை. பொருத்தம்தானே என்று நினைப்பு. ஒரு வருஷம் ஒரு தம்பி பிரசங்கப் பீடத்திலிருந்து இறங்கி வந்து, வலை வீசுகிற மாதிரி கையைச் சுழற்றிக் காட்டினார். "ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஏன் மீன் கிடைக்கவில்லை? ஆழத்துக்குப் போகவில்லை! நீங்களும் ஆழத்துக்குப் போங்கள்!" மூன்றாவது வரிசையில் இருந்த பெரியவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்துச் சொன்னார்: "தம்பி, நீங்க கையில காட்டுனது வீச்சுவலை. அத இடுப்பளவு தண்ணியில நின்னு வீசுவாங்க. ஆழத்துல கொண்டுபோயி அத வீசுனா மீனுக்கே சிரிப்பு வரும்."

தம்பியின் முகம் செத்துவிட்டது. ஆனால் பெரியவர் சொன்னதில் ஒரு வேதபாடமே இருக்கிறது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வலைக்கு ஒரே சொல் இல்லை. மத்தேயு 4:18-இல் பேதுருவும் அந்திரேயாவும் போடுவது ஆம்பிபிளெஸ்ட்ரோன், அதாவது வீச்சுவலை. மத்தேயு 13:47-இல் பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பாகச் சொல்லப்படுவது சகேனே, அதாவது கரைவலை. லூக்கா 5-இல் வருவது திக்துவோன், எல்லா வலைக்கும் பொதுவான சொல். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் மூன்றும் 'வலை'தான். கல்லூரியில் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருப்பீர்கள். அவற்றின் வித்தியாசம் தெரிந்த ஆட்கள் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அந்தத் தம்பியைப் பெரியவரோடு கரைவலை இழுக்கிற இடத்துக்கு அனுப்பினேன். கயிறு பிடித்து இழுத்ததில் உள்ளங்கை இரண்டும் உரிந்துபோய் வந்தார். வலையைக் கரையேற்றி, எல்லாரும் மணலில் உட்கார்ந்து, ரகம் ரகமாகப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது மத்தேயு 13-ஐ வாசித்துக் காட்டினாராம். வலை நிறைந்ததும் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதைக் கூடையில் சேர்ப்பார்கள் என்று வரும். பெரியவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்: "உக்காந்துன்னு போட்டிருக்கா? அப்ப எழுதுனவரு கரவலைய நேர்ல பாத்திருக்காரு." அடுத்த ஞாயிறு தம்பி அந்த ஒரு சொல்லை வைத்துப் பிரசங்கித்தார். பதினைந்து நிமிஷம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

'ஆழத்துக்குப் போங்கள்' என்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். இங்கே மீன் தேடிக் கொஞ்சம் தூரம் போனாலே இலங்கையோடு 1974-இல் போட்ட எல்லைக்கோடு வந்துவிடும். சபையில் உட்கார்ந்திருப்பவரின் படகு அக்கரையில் பிடிபட்டுக் கிடக்கலாம், அவருடைய தம்பி யாழ்ப்பாணச் சிறையில் இருக்கலாம். அவரிடம் போய் விசுவாசத்தோடு இன்னும் உள்ளே போங்கள் என்றால் அவர் என்ன செய்வார், பாவம்? அதேபோல 'கலிலேயாக் கடல்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கேட்கிறவர்கள் மன்னார் வளைகுடாவை நினைத்துக்கொள்வார்கள். கலிலேயாக் கடல் 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி, கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே பள்ளத்தில் கிடக்கிறது, சுற்றியுள்ள மேட்டிலிருந்து காற்று சடாரென்று இறங்கும் என்று சொல்லிப் பாருங்கள். வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றுக்குப் பேர் வைத்திருக்கிற ஜனம், அடுத்த அரைமணி நேரம் உங்களை விடாது.

அப்புறம் அந்தக் கூட்டம் சேர்கிற விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உங்கள் கல்லூரி விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். இந்தத் தற்செயல் பல மாணவர்களைக் கெடுத்திருக்கிறது. வாரநாள் ஜெபக்கூட்டத்துக்குக்கூட ஆண்கள் வருவார்கள். நீங்கள் வந்ததும் சபை எழும்பிவிட்டது என்று கல்லூரிக்கு அறிக்கை எழுதுவீர்கள். சரி, எழுதுங்கள், ஆனால் ஜூன் 15-ஆம் தேதி கூட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சிலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். ஆட்கள் திண்ணையில் சீட்டாடுவதைப் பார்த்துவிட்டு, "இவர்கள் உழைக்கிறதில்லை, அதுதான் வறுமை" என்று ஒரு முடிவு. அந்த இரண்டு மாதத்தில்தான் படகு மராமத்து, இன்ஜின் வேலை, வலை தைக்கிற வேலை எல்லாம் நடக்கும். அதற்கெல்லாம் கடனும் வாங்கியாக வேண்டும். அரசாங்க நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். தடைக்காலம் இல்லாத நாளிலும் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் எந்த நாளில் இருப்பார் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் வீடு சந்திப்புக்குக் கிளம்பினால், பூட்டிய கதவுகளைத்தான் சந்திப்பீர்கள்.

வீடு சந்திப்பு என்றதும் ஒன்று. ஆண் கடலுக்குப் போயிருக்கிற வீட்டில், விளக்கு வைத்த நேரத்தில், தனியாகப் போய் உள்ளே உட்காராதீர்கள். சபையில் ஒரு அக்காவைக் கூட்டிப்போங்கள், இல்லையென்றால் வாசலோடு பேசி ஜெபித்துவிட்டு வாருங்கள். பெண் மாணவிகள் இந்த விஷயத்தில் எப்போதும் எங்களைவிட ஒரு படி மேல். சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கப் போகிற பெண்களோடு கரையில் உட்கார்ந்து, அவர்கள் விரலில் துணி சுற்றிக் கட்டுகிற நேரத்தில் பேசி முடித்துவிட்டு வருவார்கள். ஆனால் அந்தப் பெண்கள் நனைந்த உடையோடு கரையேறும்போது படமெடுத்து 'ஊழியக் களம்' என்று ஸ்டேட்டஸ் போட்ட ஆட்களும் உண்டு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

பேச்சுத் தமிழுக்கு வருவோம். மைக் கையில் வந்ததும் சிலருக்கு வேறு ஒரு குரல் வந்துவிடுகிறது. "பிரியமானவர்களே" என்று அவர்கள் இழுக்கிற இழுப்பு எந்த ஊர்த் தமிழ் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மொழியில் தவறு செய்கிறோமே என்று வெட்கப்பட வேண்டாம். இந்தக் கரையில் பெரியவர்களே செய்திருக்கிறார்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், உள்ளூர் ஆட்களின் உதவியோடு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவாசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்தது. பிறகு அவரே அதைக் கண்டுபிடித்து, 'வேணும்' என்றால் ஆசைப்படுவது, 'விசுவாசம்' என்று மாற்றிச் சொல்லுங்கள் என்று உடன் ஊழியரான மான்சிலாஸுக்கு 1544-இல் கடிதம் எழுதினார். அவருக்குப் பின்னால் வந்த அன்ரீக்கே அடிகளார் தமிழைப் படித்து, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சாகும் அளவுக்கு வேலை செய்தார். தப்பைத் திருத்திக் கடிதம் எழுத சவேரியாருக்கு முடிந்தது. மாணவர்கள் மட்டும் திருத்தினால் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஓரியூருக்குக் கூட்டிப்போனால் எல்லாருக்கும் உடம்பு சிலிர்க்கும். போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-இல் வெட்டுண்ட இடம். "நானும் இரத்தசாட்சியாகத் தயார்" என்று திரும்பி வரும் வேனில் ஒருவர் சாட்சி சொன்னார். சொன்னவர் அன்று ராத்திரி மீன்குழம்பில் காரம் அதிகம் என்று சாப்பிடவில்லை. அருளானந்தர் சாவதற்கு முன்னால் பல வருஷம் இந்த மண்ணில் காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, நடந்தே திரிந்தார். அந்தப் பகுதியை யாரும் சாட்சியில் சொல்வதில்லை.

தனுஷ்கோடியிலும் இதே கதைதான். இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று 1964 புயலை தேவகோபம் என்று வீடியோ பேசாதீர்கள். டிசம்பர் 22 ராத்திரி ரயிலோடு கடலில் போனவர்களின் உறவுக்காரர்கள் ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் இன்றும் இருக்கிறார்கள். மாதா சொரூபத்தையும் அந்தோணியார் கொடியையும் கிண்டலடிக்கிற புராட்டஸ்டண்ட் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: ஒரே படகில் போகிறவர்களுக்கு நடுவில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவை போய் நின்று பாருங்கள்.

இப்போது என் சொந்தத் தவறு. வந்த முதல் வருஷம், வாடைக்காற்று நாளில் ஒரு நாட்டுப்படகு திரும்பவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அந்த வீட்டுக்குப் போனேன். கூட்டம் நிற்கிறது, எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன பேசுவதென்று தெரியாத பயத்தில், "கர்த்தர் அவரைக் கொண்டுவந்து சேர்ப்பார்" என்று சொல்லிவிட்டேன். ஜெபம் நன்றாகத்தான் இருந்தது. படகின் பலகை ஒன்று கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அந்த அம்மா என்னிடம் கோபப்பட்டதே இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை, காணிக்கை போட்டுவிட்டு வெளியே போகும்போது, "ஐயா, நீங்க சொன்னீங்களே" என்று மட்டும் கேட்பார். ஒரு வருஷம் கேட்டார்.

அங்கே சொல்லக்கூடாத இரண்டில் ஒன்று அது. இன்னொன்று 'தேவ சித்தம்'. உடல் கிடைக்காத வீட்டில் துக்கத்துக்கு ஒரு நாள் இல்லை. கல்லறைத் திருநாளன்று போய் நிற்க அவர்களுக்கு ஒரு குழி இல்லை. நினைவு ஆராதனை வைக்கலாமா என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருங்கள். செய்ய வேறு வேலை நிறைய இருக்கிறது. எந்தப் படகு, எத்தனை மணிக்குப் போனது, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093-இல் சொன்னார்களா, கடலோரக் காவல்படைக்கு 1554-இல் சொன்னார்களா என்று பாருங்கள். பிறகு மீன்வளத் துறைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டியிருக்கும். காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதுவரை பேங்க், பட்டா, இன்ஷூரன்ஸ் எல்லாம் இழுபடும். மனு எழுதத் தெரிந்த ஒரு மாணவர் அந்த வீட்டுக்கு எத்தனை பெரிய உபகாரம் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அடுத்து, பேய் ஓட்டுவது. இதில் நான் கண்டிப்பு. தர்கா இருக்கிற ஏர்வாடி இங்கிருந்து தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் மருந்தைவிட வேண்டுதலை நம்பிய குடும்பத்தினர். கிறிஸ்தவ ஜெபவீடுகளில் அப்படி நடக்காது என்று எனக்கு நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. தூக்கமில்லாமல் தனக்குள் பேசுகிற ஒருவரை உங்களிடம் கொண்டுவந்தால் ஜெபியுங்கள், தாராளமாக. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், கட்டிவைக்க விடாதீர்கள், உபவாசம் போடச் சொல்லாதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். மனநல உதவிக்கான 14416-க்கு ஃபோன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

பணத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. காணிக்கையை உங்கள் ஜிபே நம்பருக்கு வாங்காதீர்கள், ஒரு ரூபாயானாலும். யாருடைய கடனுக்கும் நடுவில் நிற்காதீர்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவருக்கே மீனைப் போட்டாக வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. அந்தக் கணக்கு உங்களுக்கு ஆறு வாரத்தில் விளங்காது.

தண்ணீர். தங்குகிற வீட்டில் குளிக்க இரண்டு வாளி மூன்று வாளி என்று எடுக்காதீர்கள். பல ஊர்களில் குடம் இத்தனை ரூபாய் என்று விலைக்கு வாங்குகிற தண்ணீர் அது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டே அடுத்த குடத்தை எடுத்துவைப்பார்.

கடைசி நாளில் கருவாடு கட்டித் தருவார்கள். "வேண்டாம், ஹாஸ்டலில் சமைக்க முடியாது" என்று மறுத்துவிடாதீர்கள். இறுக்கமான மூடி போட்ட டப்பா ஒன்று வரும்போதே கொண்டு வாருங்கள். பேப்பரில் சுற்றிக்கொண்டு ரயிலேறினால் மானாமதுரை தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் உங்களோடு பேச யாரும் இருக்கமாட்டார்கள்.